சுற்றுநிருபத்துக்காகக் காத்திருந்த வருடங்கள்

பசறையிலிருந்து பஸ்ஸில் இன்னும் அரை மணி நேரம் மேலே ஏறினால் வருகிற ஒரு தோட்டப் பாடசாலையில் நான் உயிரியல் படிப்பித்தேன். படிப்பித்தேன் என்று இறந்தகாலத்தில் எழுதும்போது கை கொஞ்சம் தயங்குகிறது. இப்போதும் அதே பாடசாலைக்குத்தான் தினமும் போகிறேன். ஆனால் உயிரியல் அங்கே இல்லை.

எங்கள் பாடசாலைக்கு உயர்தர விஞ்ஞானப் பிரிவு கிடைத்த நாளில் தோட்டத்தில் மேளம் வைத்துக் கொண்டாடினார்கள். அதற்கு முன் விஞ்ஞானம் படிக்க ஆசைப்படுகிற, தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தில் வளர்ந்த பிள்ளை பதுளைக்கு வந்து எங்காவது தங்கிப் படிக்க வேண்டும். அதற்கு வழியில்லை என்றால் கலைப்பிரிவு. நான் அப்படிப் பதுளைக்கு வந்து, தூரத்து உறவு ஒருவர் வீட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டு படித்தவள். அதனால் அந்த மேளச் சத்தம் எனக்குத் தனியாகக் கேட்டது. எங்கள் முதல் வகுப்பில் ஒன்பது பிள்ளைகள் இருந்தார்கள். ஆய்வுகூடம் என்று ஒரு அறை, அதில் தண்ணீர் வராத ஒரு குழாய், மூன்று நுணுக்குக்காட்டிகள். அவற்றில் ஒன்றுக்குக் கண்ணாடி இல்லை.

பிரிவு வந்ததே தவிர, புத்தகம் வரவில்லை. பதினோராம் வகுப்புச் சாதாரண தரம் வரை அரசாங்கம் எல்லாப் பிள்ளைக்கும் பாடநூலை இலவசமாகக் கொடுக்கிறது. உயர்தரத்துக்கு அந்த வழக்கம் இல்லை. பாடத்திட்டம் இருக்கும், ஆசிரியருக்கு வழிகாட்டி இருக்கும். பிள்ளையின் கையில் இருப்பது நாங்கள் கரும்பலகையில் எழுதிப்போடுவதும், டியூஷன் மாஸ்டர்மார் அச்சடித்துத் தங்கள் வகுப்பில் கொடுக்கிற நோட்ஸும்தான். வடக்கிலோ கிழக்கிலோ ஒரு மாஸ்டர் போட்ட தமிழ் நோட்ஸ் போட்டோ கொப்பிக்குப் போட்டோ கொப்பியாக மலையேறி எங்களிடம் வந்து சேரும்போது, படங்களில் கறுப்புத் திட்டுகள் மட்டும் மிஞ்சியிருக்கும். எது நாளம், எது நாடி என்று நானே ஊகித்துச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டுப் பாடநூல்களை இணையத்தில் இலவசமாக இறக்கலாம். நானும் இறக்கிப் பார்த்தேன். நல்ல படங்கள், நல்ல தாள். ஆனால் அங்கே ‘செல்’ என்பது இங்கே ‘கலம்’. அங்கே ‘திசு’, இங்கே ‘இழையம்’. அங்கே ‘ஒளிச்சேர்க்கை’, இங்கே ‘ஒளித்தொகுப்பு’. பாடத்திட்டமும் வேறு. அதை வைத்துப் படித்த ஒரு பிள்ளை எங்கள் பரீட்சைத் தாளைப் பார்த்தால் வேறு ஏதோ பாடம் என்று நினைக்கும்.

என்னோடு இரசாயனவியல் படிப்பித்தவள் எனக்கு ஆறு வயது இளையவள். பதுளை பஜாரில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கும் குடும்பத்துப் பெண். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். காலையில் ஒரே பஸ், பின்னேரம் ஒரே பஸ். அவள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்தால் தலைசுற்றும், நான் நடுவில் உட்கார்ந்தால் எனக்குத் தலைசுற்றும், அதனால் இடத்துக்குச் சண்டையே வந்ததில்லை.

கொரோனா வந்து பாடசாலையை மூடியபோதுதான் நாங்கள் அந்த வேலையைத் தொடங்கினோம். லயத்தில் சிக்னல் இல்லை. பிள்ளைகள் தேயிலை மலை உச்சிக்கு ஏறிப்போய் போனைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். நேரடி வகுப்பு நடத்தினால் பாதியில் அறுந்துபோகும். பாடத்தைச் சுருக்கமாக டைப் செய்து அனுப்பினால் ஒரு தரம் இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்து படிக்கலாம் என்று அவள்தான் சொன்னாள். நான் கையால் எழுதிப் படம் பிடித்து அனுப்புவேன், அவள் தன் மடிக்கணினியில் டைப் செய்வாள். அவளுடைய இரசாயனத்தையும் என்னுடைய உயிரியலையும் ஒன்றாகவே செய்தோம். உயிருக்கு அடிப்படையான இரசாயனம் என்ற பகுதியில் எது அவள் எழுதியது, எது நான் எழுதியது என்று இன்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

மற்றவர்களின் புத்தகத்திலிருந்து படத்தை எடுக்கக்கூடாது என்று ஆரம்பத்திலேயே முடிவு செய்தோம். நானே வரைந்தேன். இலையின் குறுக்குவெட்டுக்குத் தேயிலையை எடுத்தேன். இதயம் வரைவதற்குச் சந்தையில் ஒரு ஆட்டு இதயம் வாங்கி, சமையலறை மேசையில் தினத்தாளை விரித்து அறுத்துப் பார்த்து வரைந்தேன். என் மகன் அன்று அந்த மேசையில் சாப்பிட மறுத்துவிட்டான்.

பாடசாலை திறந்தது. கொஞ்ச நாளில் நாட்டில் தாள் இல்லாமல் போனது. பரீட்சைத் தாள் அடிக்கத் தாள் இல்லையென்று பரீட்சைகள் தள்ளிப்போன காலம் அது. பதுளையில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் போட்டோ கொப்பிக் கடை வைத்திருந்தவர் எங்களுக்குப் பெரிய உதவி செய்தார். அவர் கடையில் விண்ணப்பங்களும் மனுக்களும் டைப் செய்து கொடுப்பார்கள். பிழையாகப் போனவற்றைத் தூக்கி எறியாமல் எங்களுக்காகச் சேர்த்து வைத்தார். ஒரு பக்கம் யாரோ ஒருவரின் காணி விண்ணப்பம், மறுபக்கம் என் ஆட்டு இதயம். அதை வைத்துத்தான் எங்கள் பிள்ளைகள் படித்தார்கள். அந்த வருடம் எங்கள் பாடசாலையிலிருந்து முதன்முறையாக ஒரு பெண் பிள்ளை தாதியர் பட்டப்படிப்புக்குத் தெரிவானாள். அவளுடைய அப்பா ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு ஸ்டாஃப் ரூம் வாசலில் வந்து நின்றார், உள்ளே வரச் சொல்லியும் வரவில்லை.

எங்கள் குறிப்புகள் கை மாறி ஹல்துமுல்லைப் பக்கப் பாடசாலைகளுக்கும் போயிருந்தன. அங்கே அவற்றைப் பார்த்த, மாகாணக் கல்வித் திணைக்களத்து மேலதிகாரி ஒருவர் எங்களை அழைத்தார். சிங்களப் பெண்மணி, ஐம்பது வயதிருக்கும். அலுவலகத்தில் நாங்கள் இரண்டு பேரும் கதிரை நுனியில் உட்கார்ந்திருந்தோம். அனுமதி கேட்காமல் செய்ததற்கு ஏசப்போகிறார் என்றுதான் நினைத்தோம்.

அவர் சிங்களத்தில் கேட்டார். “இதை யார் வேண்டுமானாலும் கொப்பி பண்ணலாமா?”

நான் பயந்துபோய், “இல்லை மேடம், எங்கள் பிள்ளைகளுக்கு மட்டும்தான்” என்றேன்.

“ஏன் மட்டும்?” என்றார் அவர். “அரசாங்கச் சம்பளம் வாங்கும் ஆசிரியர்கள் எழுதியது. மக்கள் பணம். மக்களுக்குத்தானே போக வேண்டும்?”

பிறகு அவர் விளக்கினார். பல நாடுகளில் இதற்குச் சட்டமும் கொள்கையும் இருக்கிறதாம். பொதுப்பணத்தில் உருவாகிற பாடப்பொருள் எல்லாவற்றுக்கும் திறந்த உரிமம் கொடுத்துவிடுகிறார்களாம். யாரும் பிரதி எடுக்கலாம், தங்கள் மொழிக்கு மாற்றலாம், திருத்தலாம். எழுதியவரின் பெயரை மட்டும் போட்டால் போதும். ஒவ்வொரு முறையும் யாரிடமும் போய்க் கேட்டு நிற்க வேண்டியதில்லை. நம் மாகாணத்திலாவது எல்லாப் பாடசாலைக்கும் உத்தரவாகப் போகிற ஒரு சுற்றுநிருபம் கொண்டுவர முடிந்தால், ஒரு ஆசிரியர் செய்தது நூறு ஆசிரியருக்குப் போகும் என்றார். அன்று பஸ்ஸில் திரும்பும்போது என் தோழி வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தாள். தலைசுற்றுவதாகச் சொல்லவேயில்லை.

வரைவுக் குழுவில் என்னையும் போட்டார்கள். தமிழ்ப் பிரதியை எழுதுவது என் பொறுப்பு. நான் அதற்கு முன் ஒரு சட்ட வாக்கியம் எழுதியதில்லை. ‘திறந்த உரிமம்’ என்று எழுதுவதா, ‘கட்டற்ற உரிமம்’ என்று எழுதுவதா என்று இரண்டு நாள் யோசித்தேன். முக்கியமான வாக்கியம் இதுதான்: ‘பொதுப்பணத்தில் ஆக்கப்பட்ட கற்றல் வளங்களை எவரும் இலவசமாகப் பிரதி செய்யலாம், மொழிபெயர்க்கலாம், மாற்றியமைக்கலாம், பகிரலாம்.’ சிங்களத்திலும் அப்படித்தான் இருந்தது. அதை எழுதிவிட்டு நான் வீட்டில் வாய்விட்டு வாசித்துப் பார்த்தேன். எனக்குச் சொல்லத் தெரியாத ஒரு சந்தோஷம்.

தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் போக அனுமதித் துண்டு வேண்டும். லீவு எடுக்கத் துண்டு. லயத்துக் கூரைத் தகரம் மாற்றவும் தோட்டத்து ஆபீஸில் போய்த் துண்டு வாங்கி வர வேண்டும். காலையில் ஆளெடுத்து வேலை பிரிக்கிற பெரட்டுக் களத்தில் என் அப்பா கங்காணிக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றதைப் பார்த்து வளர்ந்தவள் நான். ‘எவரும்’ என்ற சொல்லை அரசாங்கத் தாளில் எழுத எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது.

கூட்டங்கள் நடந்தன. எதிர்ப்பும் இருந்தது. எல்லாமே கெட்ட எண்ணத்தில் வந்த எதிர்ப்பு என்று சொல்ல மாட்டேன். “பிழை இருந்தால் யார் பொறுப்பு?” என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. திறந்து வைத்தால்தான் பிழையை யாராவது கண்டுபிடித்துத் திருத்துவார்கள் என்று மேடம் பதில் சொன்னார். இன்னொருவர் எதுவும் கேட்கவில்லை. ஒவ்வொரு கூட்டத்திலும் போனைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் “சட்ட ஆலோசனை எடுக்க வேண்டும்” என்று மட்டும் சொல்வார்.

நாலாவது கூட்டத்துக்கும் ஐந்தாவது கூட்டத்துக்கும் இடையில் மேடத்துக்கு இடமாற்றம் வந்தது. ஏனென்று யாருக்கும் தெரியாது. அவரும் சொல்லவில்லை. போகும் அன்று எனக்கு போன் பண்ணி, “டீச்சர், ஃபைல் மேசையில் இருக்கிறது. விடாதீர்கள்” என்றார். நான் விடவில்லை. மாதத்துக்கு ஒரு தரம் அரை நாள் லீவு போட்டுவிட்டுப் போய், அந்த மேசைக்கு முன்னால் நிற்பேன். ஃபைல் சட்ட ஆலோசனைக்குப் போயிருக்கிறது என்பார்கள். வந்துவிட்டது, கையெழுத்துக்குப் போயிருக்கிறது என்பார்கள். தேர்தல் வருகிறது என்பார்கள். தேர்தல் முடிந்த பிறகு, புதியவர் வந்திருக்கிறார், அவர் முதலிலிருந்து பார்க்க வேண்டும் என்பார்கள்.

ஒரு நாள் அவர்களே கூப்பிட்டார்கள். திருத்திய சிங்கள வரைவு வந்துவிட்டது, தமிழையும் அதற்கேற்ற மாதிரித் திருத்தித் தர வேண்டும் என்றார்கள். எனக்குக் கணினியைத் திறந்து கொடுத்தார்கள். பெரிய மாற்றம் ஒன்றுமில்லை என்றார் அங்கிருந்த உத்தியோகத்தர். உண்மையிலேயே பெரிய மாற்றமில்லை. ‘எவரும்’ என்று இருந்த இடத்தில் ‘உரிய அனுமதி பெற்ற எவரும்’ என்று இருந்தது.

“யாரிடம் அனுமதி வாங்க வேண்டும்?” என்று கேட்டேன்.

“அது வேறொரு சுற்றுநிருபத்தில் வரும்.”

“அப்படியென்றால் இது எதற்கு? அனுமதியோடு இப்போதும் செய்யலாம்தானே?”

அவர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். “டீச்சர், ஒன்றும் இல்லாமல் இருப்பதைவிட இது நல்லதுதானே. டைப் பண்ணிக் கொடுங்கள்.”

நான் எழுந்து வந்திருக்கலாம். செய்ய மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். நான் டைப் செய்தேன். அந்த மூன்று சொற்களைத் தமிழில் சேர்த்தது என் விரல்கள்தான். அச்சுப்பிழை இருக்கிறதா என்று இன்னொரு தரம் பார்த்துவிட்டும் வந்தேன்.

அதையும் அவர்கள் வெளியிடவில்லை.

இதற்கிடையில் ஒரு தனியார் பதிப்பாளர் என் தோழியிடம் வந்திருந்தார். ஊரில் பெயர்போன டியூஷன் மாஸ்டர் ஒருவரோடு சேர்ந்து தமிழில் உயர்தரப் புத்தகம் போடுகிறவர். எங்கள் குறிப்பை நல்ல தாளில், நிறத்தோடு அச்சடிப்பதாகச் சொன்னாராம். அவள் அதை என்னிடம் பஸ்ஸில் வைத்துச் சொன்னாள்.

“கொஞ்சம் பொறு” என்றேன். “சுற்றுநிருபம் வந்துட்டா அரசாங்கமே அச்சடிக்கும். எல்லாருக்கும் போகும்.”

“எத்தனை வருசம்க்கா பொறுக்கிறது? நம்ம எழுதினது எல்லாம் பின்பக்கத்தில காணி விண்ணப்பத்தோட கெடக்கு. ஒரு புத்தகமா பாக்கணும்னு எனக்கு ஆச இருக்காதா?”

“அவங்க புத்தகத்த யாருக்குக் குடுப்பாங்கன்னு யோசிச்சியா?”

அவள் பொறுத்தாள். அதை நான் மறைக்கக்கூடாது. என் பேச்சுக்காக அவள் இன்னும் ஒரு வருடத்துக்கு மேல் பொறுத்தாள். ஒவ்வொரு மாதமும் நான் அலுவலகத்திலிருந்து திரும்பும்போது என் முகத்தைப் பார்ப்பாள், கேட்கமாட்டாள்.

பிறகு ஒரு நாள் காலை பஸ்ஸில் ஒரு பொதியை என் மடியில் வைத்தாள். கடையில் பூசைச் சாமான் சுற்றிக் கொடுக்கிற அதே மெல்லிய தாளில் சுற்றியிருந்தது. பிரித்தேன். அழகான புத்தகம். அட்டையில் டியூஷன் மாஸ்டரின் பெயரும் படமும். உள்ளே, ஆக்கியோர் என்ற இடத்தில் அவளுடைய பெயர். அதற்கு மேலே என் பெயர். என்னைக் கேட்காமல் என் பெயரைப் போட்டிருந்தாள், அதுவும் தனக்கு மேலே. மரியாதைக்காக அப்படிச் செய்தாள் என்று எனக்குத் தெரியும். அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை. தேயிலையின் குறுக்குவெட்டு பச்சை நிறத்தில் இருந்தது. ஆட்டு இதயம் சிவப்பும் நீலமுமாக இருந்தது. பக்கத்தைத் திருப்பினேன். இந்நூலின் எப்பகுதியையும் எவ்வடிவிலும் பிரதி செய்யக்கூடாது, மீறினால் சட்ட நடவடிக்கை என்று போட்டிருந்தார்கள்.

“நல்லா வந்திருக்குல்லக்கா?” என்றாள்.

பஸ் வளைவுகளில் திரும்பிக்கொண்டிருந்தது. நான் புத்தகத்தை அவள் மடியில் திருப்பி வைத்தேன். அன்று முதல் நான் பின் சீட்டில் உட்கார ஆரம்பித்தேன். அந்த வருட முடிவில் அவள் பதுளை டவுனில் ஒரு பாடசாலைக்கு மாற்றலாகிப் போனாள்.

அந்தப் புத்தகம் கடையில் விற்கப்படவில்லை. மாஸ்டரின் வகுப்பில் சேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். வகுப்பு சனி ஞாயிறுகளில் டவுனில். எங்கள் தோட்டத்திலிருந்து அந்த நேரத்துக்கு இறங்க பஸ் இல்லை. எங்கள் பிள்ளைகளுக்காக எழுதியது எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்கவில்லை. அதனால் நான் என்னிடமிருந்த பழைய கோப்பிலிருந்து முன்போலவே பிரதி எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு தவணை போயிருக்கும். எங்கள் பாடசாலை அதிபர் சேர் என்னைக் கூப்பிட்டு ஒரு கடிதத்தை நீட்டினார். பதிப்பாளர் அனுப்பியது. தங்களுடைய நூலை எங்கள் பாடசாலையில் சட்டவிரோதமாகப் பிரதி செய்து விநியோகிப்பதாக முறைப்பாடு.

“சேர், அது நான் எழுதினது” என்றேன்.

“எனக்குத் தெரியும் டீச்சர். ஆனா கடிதத்த நான் மேல அனுப்பித்தான் ஆகணும்.”

திணைக்களத்திலிருந்து விசாரணைக்கு அழைப்பு வந்தது. மூன்று பேர் இருந்தார்கள். முதலில் ஒருவர் அந்த அச்சிட்ட புத்தகத்தை எடுத்து என் பெயர் இருக்கும் பக்கத்தைக் காட்டினார். கடமை நேரத்தில் ஆக்கியது திணைக்களத்துக்குச் சொந்தம், அதை அனுமதியில்லாமல் தனியாருக்குக் கொடுத்தது ஏன் என்று கேட்டார். நான் கொடுக்கவில்லை என்றேன். உங்கள் பெயர் இருக்கிறதே என்றார். தோழியின் பெயரும் அங்கே இருந்தது, ஆனால் முறைப்பாடு என் பாடசாலையைப் பற்றியது; கொடுத்தது அவள்தான் என்று நான் சொன்னால் அவளுக்கும் ஒரு விசாரணை வரும். நான் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

அடுத்தவர் எங்கள் போட்டோ கொப்பியை எடுத்தார். பதிப்பாளரின் நூலை அனுமதியில்லாமல் பிரதி செய்தது ஏன் என்று கேட்டார்.

“சேர், திணைக்களத்துக்குச் சொந்தமென்றால் பதிப்பாளருக்கு எப்படிச் சொந்தமாகும்? பதிப்பாளருக்குச் சொந்தமென்றால் நான் திணைக்களத்தின் எதைக் கொடுத்தேன்?”

மூன்றாவது ஆள் மென்மையாகப் பேசினார். “டீச்சர், இதைப் பெரிதாக்க யாருக்கும் விருப்பமில்லை. இனிமேல் விநியோகிக்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் தூர இடத்துக்கு மாற்றம் போட வேண்டி வரும்.”

என் கணவர் இறந்து நான்கு வருடம் ஆகியிருந்தது. மகன் பரீட்சை வகுப்பில் இருந்தான். இவற்றைக் காரணமாகச் சொல்கிறேன். காரணம் உண்மைதான். ஆனாலும் பேனையை எடுக்கும்போது நான் மகனை நினைக்கவில்லை. நான் எதையும் நினைக்கவில்லை. கையெழுத்துப் போடு என்று ஒரு ஆபீஸில் சொன்னார்கள், போட்டேன்.

போட்டோ கொப்பிக் கடைக்காரருக்கும் செய்தி போயிருந்தது. அடுத்த முறை வேறு எதையோ பிரதி எடுக்கப் போனபோது அவர் எழுந்து நின்றுவிட்டார்.

“டீச்சர், தப்பா நினைச்சுக்காதீங்க. கடையில வந்து பாத்துட்டுப் போனாங்க. நான் பிள்ளகுட்டிக்காரன்.”

“பரவாயில்லைங்க. இது என் அடையாள அட்டைதான்” என்றேன். அவர் அதை வாங்கி, தேவைக்கு மேல் கவனமாகப் பிரதி எடுத்துக் கொடுத்தார்.

அதற்குப் பிறகு நான் கரும்பலகையில் எழுதினேன். பிள்ளைகள் பார்த்து எழுதினார்கள். இதயத்தை ஒவ்வொரு வகுப்புக்கும் சோக்கால் வரைந்தேன். பாடத்திட்டத்தில் பாதியைத் தாண்ட முடியவில்லை. எழுதுவதற்கே நேரம் போனது, விளக்குவதற்கு நேரமில்லை. பெறுபேறு வந்தபோது உயிரியலில் ஒருவரும் சித்தியடையவில்லை. என் அனுபவத்தில் அது முதல் தடவை.

அடுத்த தொகுதியில் ஐந்து பேர்தான் சேர்ந்தார்கள். அதில் கெட்டிக்காரப் பிள்ளை ஒருத்தி. இரண்டு மாதம் கழித்து அவளுடைய அம்மா கொழுந்தெடுத்து முடிந்து நேராகப் பாடசாலைக்கு வந்தார். தலையில் கட்டிய துணிகூட அவிழ்க்கவில்லை.

“பிள்ளைய ஆர்ட்ஸுக்கு மாத்தி விட்டுருங்க டீச்சர்.”

“ஏங்க? நல்லாப் படிக்கிற பிள்ளைங்க.”

“படிக்குதுங்க. ஆனா டவுன்ல படிக்கிற பிள்ளைங்ககிட்ட புத்தகம் இருக்காம். நம்ம பிள்ளைக்கு இல்லையாம். இருக்கிற புத்தகத்த வச்சுப் படிக்கிற படிப்புப் படிக்கட்டுங்க. நான் பட்டது போதும்.”

அந்தப் புத்தகத்தில் என் பெயர் இருக்கிறது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை. படிவத்தை எடுத்து நிரப்பினேன். கையெழுத்துப் போட இடத்தைக் காட்டினேன். மகள் வாசலுக்கு வெளியே சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மிச்சமிருந்த நான்கு பேருக்காக ஒரு பிரிவை நடத்த முடியாது என்று மேலிடத்தில் முடிவு செய்தார்கள். அவர்களையும் கலைப்பிரிவுக்கு மாற்றினார்கள். ஆய்வுகூட அறையில் இப்போது உடைந்த மேசைகளை அடுக்கி வைத்திருக்கிறோம். எனக்கு ஆறாம், ஏழாம் வகுப்பு விஞ்ஞானம் கொடுத்திருக்கிறார்கள். அதற்கு அரசாங்கப் புத்தகம் இருக்கிறது. படங்களும் தெளிவாக இருக்கின்றன.

போன வருடம் பண்டாரவளையில் ஒரு செயலமர்வில் என் தோழியைச் சந்தித்தேன். கொஞ்சம் மெலிந்திருந்தாள். தேநீர் இடைவேளையில் அவளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“குடுத்தது நான்தான்னு விசாரணையில சொல்லலியாமே அக்கா.”

“சொல்லி என்ன ஆகப்போகுது?”

கப்பைச் சுற்றிக்கொண்டே பேசினாள். “ரெண்டாம் பதிப்புல நம்ம ரெண்டு பேர் பேரையும் எடுத்துட்டாங்க. மாஸ்டரோட பேரு மட்டும்தான். கேட்டதுக்கு, நிறைய மாத்திட்டோம்னாங்க. அவர் வகுப்புக்குப் போற ஒரு பிள்ளகிட்ட வாங்கிப் பாத்தேன். ஒரு வரியும் மாத்தல. உங்க தேயில இலைய மட்டும் எடுத்துட்டு வேற ஏதோ இலை போட்டிருக்காங்க.”

கப்பைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள். “நாமளே அன்னிக்கே இணையத்துல போட்டுவிட்டிருக்கணும்க்கா. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம்னு ஒரு வரி கீழ எழுதி. அவ்வளவுதான். அந்த மேடம் சொன்னது அதத்தானே. நாம ஏன் அவங்க கையெழுத்துக்குக் காத்திருந்தோம்?”

இந்தக் கேள்வியை நான் எனக்குள் எத்தனை தரம் கேட்டிருப்பேன். அவள் வாயால் கேட்டபோது முதல் தரம் கேட்பதுபோல இருந்தது. “எனக்குத் தெரியல” என்றேன். மணி அடித்தார்கள். அவள் அவளுடைய குழுவுக்குப் போனாள், நான் என்னுடைய குழுவுக்குப் போனேன்.

சுற்றுநிருபத்தைப் பற்றி இப்போது யாரும் பேசுவதில்லை. மேடம் ஓய்வுபெற்றுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒரு தடவை போன் பண்ண நினைத்தேன். என்ன சொல்வது என்று தெரியாமல் விட்டுவிட்டேன்.

சில வாரங்களுக்கு முன் எனக்குத் தெரியாத எண்ணிலிருந்து ஒரு செய்தி வந்தது. வேறு மாவட்டத்தில், இன்னொரு தோட்டப் பாடசாலையில் புதிதாக உயிரியல் படிப்பிக்க வந்திருக்கும் ஓர் இளம் ஆசிரியர். மங்கிப்போன என் இதயப் படத்தைப் போனில் படமெடுத்து அனுப்பியிருந்தார். ‘இது நீங்கள் தயாரித்தது என்று சொன்னார்கள் டீச்சர். தெளிவான பிரதி இருந்தால் அனுப்ப முடியுமா? எங்கள் பிள்ளைகளிடம் ஒன்றுமே இல்லை.’

தெளிவான பிரதி என் மடிக்கணினியில் இருக்கிறது. அனுப்ப ஒரு நிமிடம் போதும். நான் கோப்பைத் திறந்தேன். முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை பார்த்தேன். யார் அந்த ஆசிரியர், உண்மையில் ஆசிரியர்தானா, என்னைச் சோதிக்க யாராவது அனுப்பியதா என்று யோசித்தேன். நான் கையெழுத்துப் போட்ட தாள் எந்த ஃபைலில் இருக்கும் என்று யோசித்தேன். சோறு அடுப்பில் இருந்தது. அதை இறக்கிவிட்டு வந்து பதில் எழுதினேன்.

‘மன்னிக்கவும் சேர். என்னிடம் இல்லை.’

உடனே பதில் வந்தது. ‘பரவாயில்லைங்க டீச்சர். இருக்கிறதை வச்சுப் பாத்துக்கிறோம். நன்றிங்க.’

அவர் நன்றி சொன்னதை நான் இன்னும் அழிக்கவில்லை. சில சமயம் பஸ்ஸில் போகும்போது போனை எடுத்து அந்த மங்கிய படத்தைப் பெரிதாக்கிப் பார்ப்பேன். இடது இதயவறை எது, வலது எது என்று வரைந்த எனக்கே அதில் தெரிவதில்லை.